சுவர்ப் பெட்டியைத் திட்டுவதற்கு முன்: தெர்மோஸ்டாட் கோளாறுகள், அறிகுறி வாரியாக

வீடு சூடாகவில்லை, அல்லது குளிரவில்லை என்றால் எல்லோர் கையும் முதலில் போவது சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்குத்தான். கண்ணில் படுவது அது ஒன்றுதானே. கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பாவம், அதன்மேல் குற்றம் இருக்காது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புரோகிராமபிள் தெர்மோஸ்டாட்டாக இருந்தாலும் அது ஒரு சுவிட்ச். நேரம் பார்க்கும், வெப்பம் பார்க்கும், ஒரு ஒயரை இன்னொரு ஒயரோடு சேர்க்கும், பிரிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. சூட்டையும் குளிரையும் உண்டாக்குவது வேறு இடத்தில் இருக்கிற இயந்திரம்.

அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான்: கோளாறு சுவரிலா, ஒயரிலா, இயந்திரத்திலா? காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், செலவு வைப்பது கடைசியில் என்று வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிவிட்டு அப்புறம் பேட்டரியைத் திறந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

## தொடுவதற்கு முன்: எந்த வோல்டேஜ்?

பிரேக்கரை அணைத்துவிட்டுப் பழைய பெட்டியின் முன்பக்கத்தைக் கழற்றுங்கள்.

மெல்லிய, பல நிறத்தில் நாலைந்து ஒயர்கள், பக்கத்தில் ஆர், டபிள்யூ, ஒய், ஜி என்று எழுத்துகள்: இது 24 வோல்ட். இந்தக் கட்டுரை இதற்குத்தான். ஆர் மின்சாரம் வரும் ஒயர், டபிள்யூ சூட்டுக்கு, ஒய் குளிருக்கு, ஜி ஃபேனுக்கு; சி என்று ஒன்று இருந்தால் அது மின்சாரம் திரும்பிப் போகும் வழி.

தடித்த இரண்டு அல்லது நான்கு ஒயர்கள், நுனியில் திருகிய பிளாஸ்டிக் தொப்பி, பெட்டியில் 120 அல்லது 240 வோல்ட் என்ற அச்சு: இது நேரடி மின்சாரம். சுவரோரமாக நீளமாக இருக்கும் எலக்ட்ரிக் ஹீட்டர்களுக்கு இப்படித்தான் வரும். இதற்குத் தனி ரகத் தெர்மோஸ்டாட் இருக்கிறது. 24 வோல்ட் பெட்டியை இதில் மாட்டினால் கருகிப்போகும், தீப்பிடிக்கவும் கூடும். இங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## மாட்டும்போதே வருகிற வினைகள்

புதிதாக மாட்டிய வாரத்திலேயே தகராறு என்றால், மாட்டிய விதத்தில்தான் விஷயம் இருக்கும்.

மின்சாரத்தை அணைப்பது முதல் வேலை. வீட்டுக்குள் சூட்டை உண்டாக்கும் ஃபர்னஸுக்கும், வெளியே இருக்கும் ஏசி யூனிட்டுக்கும் பெரும்பாலும் தனித்தனி பிரேக்கர். இரண்டையும் அணையுங்கள். "24 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்று விட்டுவிடுகிறார்கள். அடிக்காதுதான். ஆனால் ஆர் ஒயர் சி ஒயரை ஒரு நொடி உரசினால் போதும், இயந்திரத்தின் போர்டில் ஃபியூஸ் போய்விடும். புது தெர்மோஸ்டாட் திரையே வராமல் கடைக்குத் திரும்பிப் போவதற்கு இது பெரிய காரணம்.

அடுத்தது புகைப்படம். ஒரு ஒயரைக்கூட அவிழ்ப்பதற்கு முன், எந்த ஒயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு ஆர், வெள்ளை டபிள்யூ, மஞ்சள் ஒய், பச்சை ஜி என்பது வழக்கம்தானே தவிர சட்டம் இல்லை. முன்பு ஒயர் இழுத்தவர் கையில் எந்த நிறம் மிச்சம் இருந்ததோ அதைப் போட்டிருப்பார். பழைய பெட்டியில் இருந்த எழுத்துதான் கணக்கு.

பழைய பேஸ் பிளேட்டைக் கழற்றும்போது ஒயர் கொத்து சுவருக்குள் நழுவிப் போய்விடும். ஒரு பென்சிலில் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்.

ஒயர் நுனியில் உறையை 8 முதல் 10 மில்லிமீட்டர் உரித்தால் போதும். தெர்மோஸ்டாட் ஒயர் உள்ளே ஒற்றைக் கம்பி. உரிக்கும்போது கத்தி பட்டுக் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் பிறகு ஒடியும். இன்னொன்று: ஒயர் டெர்மினலுக்குள் நன்றாகப் போய் உட்கார்ந்த மாதிரி தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்க்ரூ அழுத்திக்கொண்டிருப்பது கம்பியை அல்ல, பிளாஸ்டிக் உறையை. அன்றைக்கு வேலை செய்யும், ஒரு மாதத்தில் விட்டுவிட்டு வேலை செய்யும், பிறகு நிற்கும். முடுக்கியபின் ஒவ்வொரு ஒயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

ஆர்சி (குளிருக்கு), ஆர்எச் (சூட்டுக்கு) என்று இரண்டு டெர்மினல் இருந்து, சுவரிலிருந்து வருவது ஒரே ஆர் ஒயர் என்றால் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைக்க வேண்டும். புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ளேயே இணைப்பு இருக்கும் அல்லது நகர்த்துகிற சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். சூட்டுக்கும் குளிருக்கும் தனித்தனி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு ஆர் ஒயர் வந்தால் அந்த இணைப்பை எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, செட்டிங். பெட்டியை மாட்டி வெப்பநிலை தெரிந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். "உங்கள் இயந்திரம் எது" என்று அது கேட்கும் கேள்விக்கு, கேஸ் ஃபர்னஸா, எலக்ட்ரிக்கா, ஹீட் பம்பா (ஏசியையே திருப்பி ஓட்டிச் சூடும் தரும் ரகம்) என்று சரியாகப் பதில் சொல்லாவிட்டால் கீழே வரும் அறிகுறிகளில் பாதி அதிலிருந்தே கிளம்பும்.

## இரண்டாகப் பிரிக்கும் சோதனை

இதை ஒருமுறை கற்றுக்கொண்டால் எல்லா அறிகுறிக்கும் உதவும். பிரேக்கரை அணைத்து, தெர்மோஸ்டாட்டின் முன்பக்கத்தைக் கழற்றி, ஆர் ஒயரையும் டபிள்யூ ஒயரையும் வெளியே எடுத்து ஒன்றோடொன்று சேருங்கள். மற்ற ஒயர்கள் எதையும் தொடாமல் விலகி நிற்கட்டும். பிரேக்கரைப் போடுங்கள். சில நிமிடங்களில் சூடு வந்தால் இயந்திரமும் சரி, ஒயரும் சரி. தெர்மோஸ்டாட்டிலோ அதன் செட்டிங்கிலோதான் கோளாறு. வரவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு இயந்திரத்தின் பக்கம் போங்கள்.

குளிருக்கு ஆர், ஒய், ஜி மூன்றையும் சேர்க்க வேண்டும். ஃபேன் மட்டும் என்றால் ஆர், ஜி. ஹீட் பம்புக்கு ஒயர் அமைப்பே வேறு. அதில் இந்தச் சேர்க்கைகளைப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

ஆர் ஒயரைச் சி ஒயரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். கம்ப்ரஸர் இப்போதுதான் நின்றது என்றால் 5 நிமிடம் பொறுத்த பிறகே குளிர் சோதனை. வெளியே 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது ஏசியை ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஒயரைச் சேர்த்து வைத்துவிட்டு வெளியே போகவும் கூடாது. நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

## அறிகுறி 1: திரையில் ஒன்றுமே தெரியவில்லை

பேட்டரி. பேட்டரி போடும் ரகமா என்று பாருங்கள். புது ஆல்கலைன் பேட்டரி போடுங்கள், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில். ரீசார்ஜ் செய்யும் பேட்டரி 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் தரும். பெட்டி அதைத் தீர்ந்துபோன பேட்டரி என்று நினைத்துக்கொள்ளும். பேட்டரி உட்காரும் ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

பிரேக்கர், சுவிட்ச், கதவு. ஃபர்னஸுக்குப் பக்கத்தில் சாதாரண லைட் சுவிட்ச் மாதிரியே ஒன்று இருக்கும். லைட் என்று நினைத்து யாராவது அணைத்திருப்பார்கள். அதேபோல ஃபர்னஸின் முன்கதவுத் தகடு. ஃபில்டர் மாற்றிவிட்டு அதைச் சரியாகப் பொருத்தாவிட்டால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் மொத்த மின்சாரத்தையும் துண்டித்துவிடும். தகட்டை எடுத்து மறுபடியும் "கிளிக்" என்று உட்காரும்படி வையுங்கள்.

தண்ணீர்த் தட்டு. கோடையில், ஏசி ஓடுகிற காலத்தில் திரை இருண்டால் இதைப் பாருங்கள். ஏசியிலிருந்து வடியும் தண்ணீருக்கான தட்டில் மிதவை சுவிட்ச் வைத்திருப்பார்கள். வடிகுழாய் அடைத்துத் தண்ணீர் ஏறினால் அது மின்சாரத்தை நிறுத்தும். தட்டைக் காலி செய்து, குழாயின் வெளிமுனையில் ஈரம் உறிஞ்சும் வேக்குவம் வைத்து அடைப்பை இழுத்தால் திரை தானாக வந்துவிடும்.

போர்டில் இருக்கும் ஃபியூஸ். மின்சாரத்தை அணைத்துக் கதவைத் திறந்தால் சர்க்யூட் போர்டில் காரில் இருப்பது போன்ற தட்டை ஃபியூஸ் ஒன்று செருகியிருக்கும். ஊதா நிறம் என்றால் 3 ஆம்பியர், வெளிர் பழுப்பு என்றால் 5 ஆம்பியர். பிடுங்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்ளே ஆங்கில யூ எழுத்துபோல வளைந்த மெல்லிய கம்பி நடுவில் அறுந்திருந்தால் போயிற்று. அதே ஆம்பியரில் மாற்றுங்கள். பெரிய ஆம்பியர் போடுவது, ஃபாயில் சுற்றுவது எல்லாம் டிரான்ஸ்ஃபார்மரை எரிக்கிற வேலை. சில ரூபாயில் முடிவது சில ஆயிரத்துக்குப் போகும்.

- *புது ஃபியூஸ் நிலைத்தது:* மாட்டும்போது ஒயர் உரசியிருக்கும். தெர்மோஸ்டாட்டின் ஒயர்களை ஒருமுறை சரிபார்த்துவிட்டு மறந்துவிடுங்கள்.
- *உடனே மறுபடியும் போகிறது:* எங்கோ ஷார்ட். அணைத்துவிட்டு, போர்டில் ஆர், டபிள்யூ, ஒய், ஜி ஒயர்களை எல்லாம் அவிழ்த்து ஃபியூஸ் போடுங்கள். இப்போதும் போனால் போர்டு அல்லது இயந்திரத்தின் உள் ஒயரிங், ஆளைக் கூப்பிடுங்கள். நிலைத்தால், ஒவ்வொரு முறையும் அணைத்து அணைத்து ஒவ்வொரு ஒயராகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் போகிறதோ அதுதான் ஆள். ஒய் ஒயரில் போனால் வீட்டுக்கு வெளியே போகும் பகுதியைப் பாருங்கள். புல் வெட்டும் இயந்திரம் பட்டும், எலி கடித்தும், வெயிலில் உறை உதிர்ந்தும் கெடுவது அங்கேதான்.

சி ஒயர். பேட்டரி இல்லாத தெர்மோஸ்டாட் தொடர்ந்து மின்சாரம் பெற ஆர் மட்டும் போதாது, சி வேண்டும். மல்டிமீட்டரை மாறுதிசை வோல்டேஜில் வைத்து, மின்சாரம் இருக்கும்போது ஆர், சி இரண்டிலும் தொடுங்கள்.

- *24 முதல் 28 வோல்ட்:* மின்சாரம் வருகிறது. அப்படியும் திரை வரவில்லை என்றால் தெர்மோஸ்டாட் போய்விட்டது. இந்த ஒரு இடத்தில்தான் புதிதாக வாங்கச் சொல்வேன்.
- *ஒன்றுமில்லை, ஆனால் போர்டின் ஆர், சி டெர்மினல்களில் 24 இருக்கிறது:* நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது சி ஒயரின் மறுமுனை போர்டில் மாட்டப்படவே இல்லை. இரண்டாவதுதான் அதிகம். சுவரில் உபயோகப்படாமல் சுருண்டு கிடந்த நீல ஒயரைச் சி என்று மாட்டிவிடுவார்கள்; அதன் அடுத்த முனையும் போர்டு பக்கத்தில் அப்படியே சுருண்டு கிடக்கும்.
- *போர்டிலும் இல்லை:* டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் போகிறதா என்று பார்க்க வேண்டும். அது நேரடி வோல்டேஜ். மீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் இங்கே நிறுத்துங்கள்.

சுவரில் ஐந்தாவது ஒயரே இல்லை என்றால் மூன்று வழி: பேட்டரியில் ஓடும் தெர்மோஸ்டாட்டுக்குப் போவது, இருக்கிற ஒயர்களிலேயே சி வழியைச் சேர்த்துத் தரும் கிட் ஒன்றைப் போர்டு பக்கத்தில் மாட்டுவது, அல்லது பிளக் பாயிண்டில் செருகும் 24 வோல்ட் அடாப்டர். முதலாவதில் தலைவலி குறைவு.

## அறிகுறி 2: திரை இருக்கிறது, சூடு வரவில்லை

முதலில் திரையைப் படியுங்கள். மோட் ஹீட்டில் இருக்கிறதா? வேண்டிய டிகிரி அறையின் டிகிரியைவிட அதிகமா? சிரிக்காதீர்கள், ஏசி காலம் முடிந்து முதல் குளிர் நாளில் வருகிற புகாரில் பெரும்பகுதி இதுதான்.

திரையில் ஹீட் ஆன் என்று வருகிறது, ஃபர்னஸ் அசையவில்லை. பிரித்துப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். ஆர், டபிள்யூ சேர்த்ததும் ஓடினால் தெர்மோஸ்டாட்டில் டபிள்யூ ஒயர் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது இயந்திர வகை செட்டிங் தவறு, அல்லது உள்ளே ஒயரைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சான ரிலே போய்விட்டது. ஓடவில்லை என்றால் போர்டில் ஒளிரும் சின்ன விளக்கைப் பாருங்கள். அது எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அதற்கு அர்த்தம் இருக்கும்.

ஃபர்னஸ் பற்றுகிறது, சில நிமிடத்தில் அணைகிறது, ஃபேன் மட்டும் ஓடுகிறது. ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். தூசி அடைத்துக் காற்று போகாவிட்டால் உள்ளே அளவுக்கு மீறிச் சூடாகி, பாதுகாப்பு சுவிட்ச் தீயை அணைத்துவிடும். மூடிக்கிடக்கும் காற்றுத் துவாரங்களையும் திறந்துவிடுங்கள். புது ஃபில்டர் போட்டும் தொடர்ந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

எலக்ட்ரிக் ஃபர்னஸ், உள்ளே சூடாகிறது, காற்று வரவில்லை. கேஸ் ஃபர்னஸ் தன் ஃபேனைத் தானே பார்த்துக்கொள்ளும். எலக்ட்ரிக்கில் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்தான் ஜி வழியாக ஃபேனை ஓடச் சொல்ல வேண்டும். செட்டிங்கில் ஃபேன் கட்டுப்பாடு "கேஸ்" என்று இருந்தால் "எலக்ட்ரிக்" என்று மாற்றுங்கள். ஒரு பட்டனில் தீர்கிற விஷயம்.

காற்று வருகிறது, ஆனால் குளிர்ந்த காற்று. ஃபேன் "ஆன்" நிலையில் இருந்தால் தீ இல்லாத நேரத்திலும் காற்று வரும், "ஆட்டோ"வுக்கு மாற்றுங்கள். அப்படியும் தீயே பற்றவில்லை என்றால் கேஸ் வால்வு, இக்னைட்டர், ஃபிளேம் சென்சார் பக்கம் போகிறது. அது உங்கள் வேலை இல்லை. கேஸ் வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வீட்டை விட்டு வெளியேறி, வெளியிலிருந்து கேஸ் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: குளிர் வரவில்லை

"கூல் ஆன்" என்று மினுக்குகிறது, ஒன்றும் நடக்கவில்லை. 5 நிமிடம் காத்திருங்கள். கம்ப்ரஸர் நின்றதும் உடனே மறுபடி கிளம்பாதபடி தெர்மோஸ்டாட் தடுத்து வைக்கும். பொறுமை இல்லாமல் பட்டனை மாற்றி மாற்றி அழுத்தினால் சிலவற்றில் அந்தக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

உள்ளே ஃபேன் ஓடுகிறது, வெளி யூனிட் ஓடவில்லை. வெளி யூனிட்டுக்கான பிரேக்கரும், அதன் பக்கத்துச் சுவரில் இருக்கும் துண்டிப்புப் பெட்டியும் முதலில். அடுத்து ஒய் ஒயர். வெளியே போய்க் காது கொடுங்கள். "உம்ம்" என்ற சத்தம் மட்டும் வந்து விசிறி சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். விலை பெரிதில்லைதான், ஆனால் மின்சாரத்தை அணைத்தபின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதைத் திறக்காதீர்கள்.

எல்லாம் ஓடுகிறது, குளிரவில்லை. குழாயில் பனி கட்டியிருக்கிறது. கூலை அணைத்து ஃபேனை மட்டும் "ஆன்" வைத்து உருகவிடுங்கள். சில மணி நேரம் ஆகும். ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு மறுபடியும் பனி கட்டினால் குளிர்பதன வாயு கசிந்திருக்கலாம். அதற்கு உரிமம் உள்ள டெக்னீஷியன் தேவை, வேறு வழி இல்லை. கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பிவிட்டுப் போகிறவரிடம் காரணம் கேளுங்கள்.

## அறிகுறி 4: கூல் வைத்தால் சூடு, ஹீட் வைத்தால் குளிர்

ஹீட் பம்ப் உள்ள வீட்டில் மட்டும் வருகிற வேடிக்கை இது. பார்க்கப் பெரிய கோளாறு மாதிரி இருக்கும். பத்தில் ஒன்பது இடத்தில் செட்டிங்தான். ஹீட் பம்பில் வாயு ஓடும் திசையைத் திருப்ப ஒரு வால்வு இருக்கிறது. சில இயந்திரங்கள் குளிருக்கு அதை இயக்கும், அது ஓ. சில இயந்திரங்கள் சூட்டுக்கு இயக்கும், அது பி. தெர்மோஸ்டாட்டில் அந்த ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டு 10 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய தெர்மோஸ்டாட்டில் ஓ ஒயர் தனியாகவும் பி ஒயர் தனியாகவும் இரண்டும் மாட்டியிருந்தால், அந்த பி திசை வால்வுக்கானது இல்லாமல் இருக்கலாம். சில பழைய இயந்திரங்களில் பி என்பதே சி ஒயர். அதைப் புதிய பெட்டியின் ஓ/பி டெர்மினலில் செருகினால் ஏதாவது எரியும். இயந்திரத்தின் ஒயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்யாமல் மாட்டாதீர்கள்.

செட்டிங் மாற்றியும் திசை மாறவில்லை என்றால் வால்வோ அதன் காயிலோ. ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

கூடவே ஒன்று: மோட் "எமர்ஜென்சி ஹீட்"டில் (ஹீட் பம்பை விட்டுவிட்டுத் துணை ஹீட்டரில் மட்டும் ஓடுவது) மாட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். வீடு சூடாகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. மின்கட்டணம் வந்ததும்தான் தெரியும்.

## அறிகுறி 5: நிற்கவே மாட்டேன் என்கிறது

ஃபேன் நிற்கவில்லை. ஃபேன் "ஆட்டோ"வில் இருக்கிறதா? இருந்தும் ஓடினால் தெர்மோஸ்டாட்டின் முன்பக்கத்தைச் சுவரிலிருந்து இழுத்து எடுங்கள். ஃபேன் நின்றால் தெர்மோஸ்டாட். நிற்கவில்லை என்றால் ஒயரில் ஷார்ட் அல்லது போர்டில் ஃபேன் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. போர்டில் ஜி ஒயரை அவிழ்த்துப் பாருங்கள்: நின்றால் ஒயர், நிற்காவிட்டால் போர்டு.

சூடு நிற்கவில்லை. இதைத் தள்ளிப்போடாதீர்கள். முன்பக்கத்தை எடுத்தும் சூடு வந்துகொண்டே இருந்தால் பிரேக்கரை அணையுங்கள். ஆர், டபிள்யூ ஒயர்கள் சுவருக்குள் எங்கோ ஒட்டியிருக்கலாம், பேஸ் பிளேட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ ஒயரைக் குத்தியிருக்கலாம். போர்டில் டபிள்யூவை அவிழ்த்த பிறகும் தீ எரிந்தால் கேஸையும் மூடிவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 6: அடிக்கடி ஓடி அடிக்கடி நிற்கிறது

ஃபில்டரை முதலில் பாருங்கள் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்தது, மணிக்கு எத்தனை முறை ஓடலாம் என்ற செட்டிங். பல தெர்மோஸ்டாட்களில் இது மெனுவின் அடியாழத்தில் ஒளிந்திருக்கும். வழக்கமான மதிப்புகள்: சாதாரண கேஸ் ஃபர்னஸுக்கு 5, திறன் அதிகமான புதிய ரகத்துக்கும் வெந்நீர் ரேடியேட்டருக்கும் 3, நீராவிக்கு 1, எலக்ட்ரிக் ஹீட்டுக்கு 9, கம்ப்ரஸருக்கு 3. வெந்நீர் பாய்லர் இருக்கும் வீட்டில் 9 என்று கிடந்தால் தொல்லை ஏன் வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

செட்டிங்கும் ஃபில்டரும் சரி, தெர்மோஸ்டாட்டின்மேல் காற்றுத் துவாரம் நேராக அடிக்கவும் இல்லை என்றால் இயந்திரமே வீட்டுக்குப் பெரிதாக இருக்கலாம். அதற்குச் சுவரில் மருந்து இல்லை.

## அறிகுறி 7: காட்டுகிற டிகிரி தவறு

ஒரு தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டி 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். முகத்தருகே கொண்டுபோய்ப் படிக்க வேண்டாம், மூச்சே கூட்டிக் காட்டும். ஒரு டிகிரி வித்தியாசம் கோளாறு இல்லை.

அதற்கு மேல் போனால், ஒயர் வரும் ஓட்டையைச் சந்தேகப்படுங்கள். சுவரின் உள்வெளியிலிருந்து குளிர்காற்று அந்த ஓட்டை வழியாக நேராகச் சென்சாரின் முதுகில் அடிக்கும். முன்பக்கத்தைக் கழற்றி, விரல் நுனியை நனைத்து ஓட்டையருகே பிடித்தால் சில்லென்று தெரியும். சுவரில் பூசும் புட்டியோ பஞ்சோ வைத்து அடைத்துவிடுங்கள்.

மற்றபடி வெயில் விழும் சுவர், வெளிச்சுவர், டிவிக்கு மேலே, விளக்குக்குப் பக்கம் எல்லாம் தவறான இடங்கள். உட்சுவரில், தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரம் சரி. இடத்தை மாற்ற முடியாது என்றால் சில டிகிரி கூட்டிக் குறைக்கும் திருத்தம் பெரும்பாலானவற்றின் மெனுவில் இருக்கிறது. அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். ஓட்டையை அடைக்காமல் திருத்தம் போட்டால் காற்று மாறும் நாளில் மறுபடியும் தவறாகும்.

## அறிகுறி 8: போட்ட புரோகிராம்படி நடக்கவில்லை

ஹோல்ட். யாராவது டிகிரியைக் கையால் மாற்றியிருப்பார்கள். தற்காலிக ஹோல்ட் என்றால் அடுத்த நேரப் பகுதி வந்ததும் விலகும். நிரந்தர ஹோல்ட் என்றால் நீங்கள் எடுக்கும்வரை புரோகிராம் தூங்கும். திரையில் அந்தச் சொல் இருக்கிறதா பார்த்து "ரன்" அழுத்துங்கள்.

கடிகாரம். காலை, மாலை மாறியிருப்பது சகஜம். கிழமையும் தவறலாம், வார நாள், வார இறுதி என்று தனியாகப் புரோகிராம் செய்யும் பெட்டியில் கிழமை ஒன்று தள்ளினால் சனி விடியற்காலையில் வீடு சூடாகும், திங்கள் காலை நடுங்கும்.

நேரத்துக்கு முன்பே ஓடத் தொடங்குகிறது. கோளாறே இல்லை. காலை 6 மணிக்கு 21 டிகிரி என்று நீங்கள் சொன்னால், 6 மணிக்கு அந்த டிகிரியை எட்டுவதற்காகச் சில பெட்டிகள் எவ்வளவு முன்னால் கிளம்ப வேண்டும் என்று தாமே கற்றுக்கொள்ளும். மாட்டிய முதல் சில நாள் அது தடுமாறும். பிடிக்காவிட்டால் அந்த வசதியை மெனுவில் அணைத்துவிடலாம்.

நாலு நேரப் பகுதியில் ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை. ஒரு பகுதியின் நேரம் அடுத்ததைத் தாண்டிப் போயிருக்கும். இரவுப் பகுதியை 12 மணிக்குப் பிறகு வைத்தால் பல பெட்டிகள் குழம்பும், 11.45 என்று வையுங்கள்.

ஆட்டோ மோடில் சொன்ன டிகிரி வைக்க விடவில்லை. சூட்டு அளவும் குளிர் அளவும் ஒன்றையொன்று நெருங்காதபடி நடுவில் ஓர் இடைவெளியை அது கட்டாயமாக வைத்திருக்கும். ஒன்றை உயர்த்தினால் மற்றதும் நகரும். அடிக்கடி மாற்றுகிறவர்கள் ஆட்டோவை விட்டுவிட்டு ஹீட் அல்லது கூல் என்று ஒன்றில் வைப்பது நல்லது.

ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள் இரவில் ரொம்பவும் டிகிரியைக் குறைக்காதீர்கள். காலையில் மறுபடி ஏற்றும்போது துணை ஹீட்டர் கிளம்பி, இரவில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். ஒன்றிரண்டு டிகிரியோடு நிறுத்துங்கள்.

## அறிகுறி 9: வைஃபை அறுந்து அறுந்து வருகிறது

ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இயங்குகிறதா பாருங்கள். பல தெர்மோஸ்டாட்கள் 5 கிகாஹெர்ட்ஸை அறியாது. அது சரியாக இருந்து, ஹீட்டோ கூலோ ஓடும்போது மட்டும் அறுந்தால் சி ஒயர் இல்லாமல் மின்சாரம் போதாமல் தவிக்கிறது என்று அர்த்தம். அறிகுறி 1-இல் சி ஒயர் பகுதிக்குப் போங்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது

கேஸ் வாடை, கருகிய வாடை, கார்பன் மோனாக்சைடு அலாரம், திரும்பத் திரும்பப் போகும் பிரேக்கர்: இவற்றில் எது வந்தாலும் சோதனை எதுவும் வேண்டாம். நேராக அழைப்புதான்.

மற்ற நேரங்களில் "தெர்மோஸ்டாட் ரிப்பேர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் வருகிறவர் புதுத் தெர்மோஸ்டாட்டோடு வருவார். ஆர், சி இடையே எத்தனை வோல்ட், ஆர், டபிள்யூ சேர்த்தபோது ஓடியதா, போர்டு விளக்கு எத்தனை முறை மினுக்கியது, இயந்திரத்தின் மாடல் எண் என்ன என்ற நான்கையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். சரியான பாகத்தோடு ஒரே தடவையில் வந்து முடித்துவிட்டுப் போவார். வந்த கையோடு, சுவரில் சும்மா கிடக்கும் மிச்ச ஒயரைப் போர்டில் சி டெர்மினலில் மாட்டித் தரச் சொல்லுங்கள். திறந்த இயந்திரத்தில் அது இரண்டு நிமிட வேலை.